இடுப்பு எலும்பை எடுத்துத் தொடையில் வைத்தால் என்ன நடக்கிறது?

நாகர்கோவிலில் எந்த எலும்பு டாக்டரின் வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"இடுப்பிலேருந்து எலும்பு வெட்டித் தொடையில ஒட்டப் போறாங்களாம்."

"அப்போ இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"வேற ஆளுக்க எலும்பும் வைப்பாங்களாம். அதுக்குன்னு பேங்க் இருக்காம்."

சில மாதம் கழித்து அதே வராந்தாவில் வேறொருவர்: "வச்ச எலும்பு ஒட்டல்ல, உள்ள இருந்த கம்பியும் ஒடிஞ்சு போச்சு."

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'ஒட்டு' என்ற சொல். போன் கிராஃப்ட் என்பதை எலும்பு ஒட்டு என்கிறோம். ஒட்டு என்றதும் நம் மாவட்டத்துக்காரருக்கு ஒட்டு மாவும் ஒட்டு ரப்பரும்தான் நினைவுக்கு வரும். அங்கே வைத்த மொட்டு உயிரோடு பிடித்து, தானே மரமாகி, வெட்டுகிற நாள்வரை அதே மொட்டின் மரமாகவே நிற்கும். எலும்பில் நடப்பது கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். வைத்த எலும்பில் பெரும்பகுதி செத்துப்போகும். உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைத்து, அந்த இடத்திலேயே புது எலும்பைக் கட்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால், சில வருடம் கழித்துத் தொடையில் இருப்பது அங்கேயே பிறந்த எலும்பு. இடுப்பிலிருந்து போனது அதற்கு ஒரு தொடக்கம் மட்டும்தான்.

முறிவு வேறு, இடைவெளி வேறு

தொடை எலும்பு உடம்பிலேயே நீளமான, வலுவான எலும்பு. வளர்ந்தவருக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், நடுப்பகுதியில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தடிமன். சாதாரணமாக முறிந்தால் அது தழும்பு விட்டு ஆறுவதில்லை, எலும்பாகவே ஆறும். முதலில் முறிந்த இடத்தில் ரத்தம் உறையும். சில வாரங்களில் அது குருத்தெலும்பு மாதிரியான மெத்தென்ற கட்டாகும். பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். அதன்பின் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடல் அதைச் செதுக்கிப் பழைய உருவுக்குக் கொண்டுவரும்.

இந்த வேலையைச் செய்யும் செல்கள் எங்கே இருக்கின்றன என்பதை ரப்பர் வெட்டுபவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். குலசேகரத்திலோ திற்பரப்பிலோ நல்ல வெட்டுக்காரர் பட்டையைச் சீவும்போது, தடியை ஒட்டிய மெல்லிய படலத்தைத் தொடாமல் விடுவார். அது இருந்தால் பட்டை மறுபடி வரும். கத்தி ஆழமாகப் போய்த் தடியில் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். எலும்புக்கும் அப்படி ஒரு போர்வை உண்டு. எலும்புறை என்பார்கள். அதிலும் உள்ளே இருக்கும் மஜ்ஜையிலும்தான் எலும்பு கட்டும் செல்கள் குடியிருக்கின்றன. சிறு குழந்தைகளுக்கு இந்த உறை தடிமனாக இருப்பதால்தான் பெரியவர்களுக்கு ஆறாத முறிவுகள்கூட அவர்களுக்கு ஆறிவிடுகின்றன.

நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, ஒரு துண்டு அங்கேயே விழுந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது இரண்டு முனைகளுக்கு நடுவே எலும்பும் இல்லை, உறையும் இல்லை. இரு பக்கமிருந்தும் புது ரத்தக்குழாய்கள் மெதுவாக ஊர்ந்து வரவேண்டும். அவை நடுவில் வந்து சேர்வதற்குள் அந்த இடத்தைத் தசையும் தழும்புத் திசுவும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை தழும்பு நிரம்பிவிட்டால் அங்கே தானாக எலும்பு வராது.

எவ்வளவு இடைவெளி என்றால் தானாக மூடாது? இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல், எலும்பின் சுற்றளவிலும் பாதிக்கு மேல் போயிருந்தால் தானே மூடும் என்று காத்திருப்பதில் பெரும்பாலும் பயனில்லை. எலும்பின் தடிமனைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு நீளம் என்றால் பேச்சுக்கே இடமில்லை. இவை கைக்கணக்குதான். வயது, சுற்றியுள்ள தசையின் நிலை, சர்க்கரை, புகை எல்லாம் இந்தக் கணக்கை மாற்றும்.

விபத்து மட்டும்தான் காரணம் என்றில்லை. சீழ் பிடித்த எலும்பை வெட்டி எடுத்தாலும், முட்டிக்கு அருகில் வரும் சில கட்டிகளைச் சுரண்டி எடுத்தாலும், பழைய செயற்கை இடுப்பு மூட்டு ஆடி ஆடி எலும்பை அரித்தாலும் இதே நிலைதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். விபத்து நடந்த இடத்தில் எலும்புத் துண்டு கிடந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஆளோடு கொண்டுபோங்கள். மண்ணில் விழுந்த துண்டைத் திரும்ப வைப்பது அபூர்வம். ஆனால் எவ்வளவு போயிருக்கிறது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முறிவை உடல் தானே ஆற்றும், நாம் நேராகப் பிடித்துக்கொடுத்தால் போதும். பெரிய இடைவெளியில் ஆற்றும் செல்களும் இல்லை, அவை வருவதற்குள் தழும்பு முந்திக்கொள்கிறது.

எலும்பு கட்ட என்னென்ன வேண்டும்

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறி நின்று வேலைசெய்யச் சாரம் வேண்டும். கொத்தனார் வேண்டும். 'இங்கே கட்டு' என்று சொல்ல மேஸ்திரி வேண்டும். மணலும் சிமெண்டும் ஏற்றிய டெம்போ உள்ளே வர வழி வேண்டும். அடித்தளம் ஆடக் கூடாது.

எலும்பிலும் இவ்வளவுதான். சாரம் என்பது துளைகள் நிறைந்த எலும்புத் துண்டு. அதன் துளைகளுக்குள் ரத்தக்குழாயும் செல்லும் ஏறிப்போகும். கொத்தனார் என்பது எலும்பு கட்டும் உயிருள்ள செல். மேஸ்திரி என்பது சில புரதங்கள். 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர், சுண்ணாம்புச் சத்தை அமிலத்தால் கரைத்து எடுத்த எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இல்லாத தசைக்குள் புதிதாக எலும்பு உருவானது. எலும்புக்குள்ளே ஏதோ ஒன்று 'எலும்பாகு' என்று சாதாரணச் செல்களுக்கு ஆணையிடுகிறது என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. இன்று அந்தப் புரதங்களைச் சுருக்கமாக பிஎம்பி என்கிறோம்.

டெம்போ வரும் வழி ரத்த ஓட்டம். ஆடாத தளம் என்பது உள்ளே போடும் கம்பியோ பிளேட்டோ. இந்தக் கடைசி இரண்டையும் நோயாளிகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. 'எலும்பு வச்சாச்சுல்ல' என்று நினைத்துவிடுகிறார்கள். வைத்த எலும்பு முதல் நாள் ஒரு கிலோவைக்கூடத் தாங்காது. அது நனைந்த துருவலைப் போல இருக்கும் பொருள்.

எலும்பு எங்கிருந்து வரும்

முதல் தேர்வு இன்றும் நோயாளியின் இடுப்பெலும்பின் மேல்விளிம்புதான். சேலை கட்டும்போதும் வேட்டி இறுக்கும்போதும் கைக்குத் தட்டுப்படுகிற அந்த விளிம்பு. முன்னால் முனையாகத் துருத்துகிற இடத்திலிருந்து குறைந்தது 2, 3 சென்டிமீட்டர் பின்னால் தள்ளித்தான் திறப்பார்கள். அதை ஒட்டி எடுத்தால் முனையே பெயர்ந்துவிடும், தொடையின் வெளிப்பக்க உணர்வு நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது. விளிம்பின் மேலோட்டைப் பெட்டி மூடிபோலத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பைக் கரண்டி மாதிரியான கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, மூடியைத் திரும்ப மூடிவிடுவார்கள். 'இடுப்பு என்னத்துக்கு ஆகும்' என்ற கேள்விக்கு இதுதான் பதில். சுவர் அப்படியே நிற்கிறது, உள்ளறையிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

வலி உண்டு. பல பேருக்குத் தொடையைவிட இடுப்புத்தான் முதல் இரண்டு மூன்று வாரம் அதிகம் வலிக்கும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் உண்டு. சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் இழுக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அளவு போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 சென்டிமீட்டர் இடைவெளி, எலும்பின் தடிமன் 3 சென்டிமீட்டர் என்றால் உருளையின் கன அளவு 42 மில்லி. நடுவே 11 மில்லிமீட்டர் கம்பி போகிறது என்றால் அது 6 மில்லியைப் பிடித்துக்கொள்ளும். மீதி 36. இரு முனைகளின் மேலும் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும் என்பதால் 40 என்று வையுங்கள். ஒரு பக்க இடுப்பின் முன்புறத்திலிருந்து பொதுவாக 20 முதல் 30 மில்லி கிடைக்கும். அதாவது ஒரு பக்கம் போதாது. பின்புற இடுப்பில் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் ஆளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். அல்லது நல்ல காலின் தொடை எலும்புக்குள் நீர் பீய்ச்சிக்கொண்டே கடைந்து உறிஞ்சும் கருவியை விட்டு, உள்ளிருந்து துருவி எடுக்கலாம். 40 மில்லிக்கு மேலும் இதில் கிடைக்கும். ரத்த இழப்பும், அதிகம் கடைந்தால் அந்தக் கால் முறியும் ஆபத்தும் இதற்கான விலை.

குறைகிற அளவைக் கொடை எலும்பால் நிரப்பலாம். இதுதான் வராந்தாவில் பேசப்படும் 'பேங்க்'. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்தவையும், இடுப்பு மூட்டு மாற்றும்போது வெட்டி எடுக்கும் பந்துகளும் பரிசோதித்துச் சுத்தம் செய்யப்பட்டு, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தோ, உலர்த்திக் கதிரியக்கம் பாய்ச்சியோ வைக்கப்படுகின்றன. 'அடுத்தவன் எலும்பை உடம்பு ஏத்துக்குமா' என்று கேட்கிறார்கள். சிறுநீரகம் மாற்றியவர் போல வாழ்நாள் முழுக்க மாத்திரை தின்ன வேண்டியதில்லை, ஏனென்றால் அதில் உயிருள்ள செல்லே இல்லை. அதுதான் அதன் குறையும். சாரம் இருக்கிறது, கொத்தனார் இல்லை. சொந்த எலும்போடு கலந்து வைத்தால்தான் பெரிய இடைவெளியில் நம்பிக்கை.

கடையில் வாங்கும் செயற்கைத் துகள்களும் அப்படித்தான். கால்சியம் பாஸ்பேட், கால்சியம் சல்பேட் வகைகள். கால்சியம் சல்பேட் என்பது மாவுக்கட்டுப் போடும் அதே பாரிஸ் சாந்து, மருத்துவத் தரத்தில். சின்னக் குழியை அடைக்க இவை நல்லவை. 6 சென்டிமீட்டர் இடைவெளியை இவற்றை மட்டும் வைத்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

முதலில் சேறு வாரணும்

குளக்கரை உடைத்துக்கொண்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? உடைப்பில் நேரே மண்ணைக் கொட்டினால் மண் கரைந்து போய்விடும். முதலில் சேற்றையும் வேரையும் வாரி, கெட்டித் தரை தெரியும்வரை தோண்டி, தென்னங்குற்றிகளை அடித்து நிறுத்தி, பிறகுதான் மண் போடுவார்கள்.

எலும்பு வைப்பதில் தோற்றவர்களில் பலருக்குச் சேறு சரியாக வாரப்படாததே காரணமாக இருக்கும். செத்த எலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லை. ஊசி மருந்து ரத்தத்தில்தான் போகிறது. ஆக எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிபயாட்டிக்கும் அந்தச் செத்த துண்டுக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. அதுவும் போதாதென்று, கிருமிகள் கம்பியின் மேல் வழுவழுப்பான படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அந்தப் பாசியைப் போல. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய கம்பியைக் கழற்றுவதற்கும் இதுவே காரணம்.

எதுவரை வெட்டுவது? எலும்பின் வெட்டுமுகத்தில் மிளகாய்த்தூள் தூவினாற்போலச் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் கசியும்வரை. வெள்ளையாக, காய்ந்த சிரட்டை போலத் தெரிந்தால் இன்னும் வெட்ட வேண்டும். இப்படி வெட்டும்போது 3 சென்டிமீட்டர் இடைவெளி 7 ஆகலாம். வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். பதற வேண்டியதில்லை, செத்த 4 சென்டிமீட்டர் ஏற்கெனவே கணக்கில் இல்லாததுதான். பல இடங்களிலிருந்து, வழக்கமாக ஐந்து, திசுத்துண்டுகள் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவார்கள். புண்ணின் மேலே பஞ்சைத் தடவி எடுக்கும் சோதனை தோலில் இருக்கும் கிருமியைத்தான் காட்டும், எலும்பில் இருப்பதை அல்ல. வந்த முடிவை வைத்துப் பெரும்பாலும் ஆறு வாரம் மருந்து.

சுருக்கம்: ரத்தம் கசியும் முனைகள், கிருமி இல்லாத குழி, ஆடாத கம்பி. இந்த மூன்றும் கிடைத்த பிறகே எலும்பு வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

சக்கைச்சுளைக்குள் எலும்பு

பெரிய இடைவெளிக்கு இன்று பரவலாகச் செய்யப்படுவது இரண்டு கட்ட முறை. பிரான்சைச் சேர்ந்த அலென் மஸ்கெலே 1980களில் உருவாக்கியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

முதல் கட்டத்தில் சேறு வாரியதும், காலைச் சரியான நீளத்தில் கம்பியாலோ பிளேட்டாலோ தோலுக்கு வெளியே மாட்டும் சட்டத்தாலோ நிறுத்திவிட்டு, இடைவெளியில் எலும்புச் சிமெண்ட் வைப்பார்கள். வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் பெயர்தான் உறவு. இது ஒரு வகைப் பிளாஸ்டிக். பொடியும் திரவமும் கலந்தால் பிசைந்த மாவாகி, பத்து நிமிடம் பதினைந்து நிமிடத்துக்குள் கல்லாகும். இறுகும்போது கடுமையாகச் சூடாகும், அதனால் சுற்றிலும் குளிர்ந்த சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சூட்டுக்குக் கெடாத வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளைப் பொடியோடு கலந்துவிடுவார்கள். சிமெண்டு இரண்டு முனைகளின் மேலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி, சட்டைக் கைபோல அவற்றைப் போர்த்தியிருக்க வேண்டும். அப்படி ஏறாமல் முனையோடு நின்றுவிட்டால், பின்னால் எலும்பு பிடிக்காமல் போவது அந்த முனையில்தான்.

பிறகு காத்திருப்பு, 6 முதல் 8 வாரம். வீட்டில் 'சும்மா சிமெண்ட வச்சு அனுப்பிட்டாங்க' என்று முனகும் காலம் இது. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது. அந்நியப் பொருளைக் கண்ட உடல் அதைச் சுற்றி ஒரு சவ்வைப் போர்த்துகிறது. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். ரத்தக்குழாய்கள் நிறைந்தது. முன்பு சொன்ன மேஸ்திரிப் புரதங்களையும் அது சுரக்கிறது.

இரண்டாம் கட்டம் சக்கைச்சுளையைக் கீறிக் கொட்டையை எடுப்பது போன்ற வேலை. சவ்வை நீளவாக்கில் கீறி, சிமெண்டை உளியால் உடைத்துத் துண்டு துண்டாக எடுத்து, சவ்வைக் கிழிக்காமல் வைத்துக்கொள்வார்கள். முனைகளை அடைத்திருக்கும் தழும்பைச் சுரண்டி, எலும்பின் உள்துளையைத் திறந்துவிடுவார்கள். பிறகு இடுப்பிலிருந்து எடுத்ததை நிரப்பி, சுளையை மூடுவதுபோலச் சவ்வைத் தைத்துவிடுவார்கள்.

எடுத்த எலும்பு அதுவரை ஒரு ஸ்டீல் கிண்ணத்தில், ரத்தத்தில் நனைந்த துணியால் மூடிக் கிடக்கும். பார்க்கச் சிவந்த, ஈரமான கருப்பட்டித்தூள் மாதிரி. மேலே எரியும் விளக்குச் சூட்டில் காய விட்டால் கொத்தனார்கள் செத்துவிடுவார்கள். துண்டுகள் உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு அளவில் இருக்க வேண்டும். நிரப்புவதிலும் பக்குவம் உண்டு. புட்டுக்குழலில் மாவை அழுத்தி அடைத்தால் ஆவி ஏறாது, புட்டு வேகாது. எலும்பையும் இடித்து நிரப்பினால் ரத்தக்குழாய் உள்ளே ஏற இடமிருக்காது. பொந்து விட்டுப் போட்டாலும் அந்தப் பொந்தில் எலும்பு வராது.

இந்தச் சவ்வின் பெரிய உபகாரம் வேலி கட்டுவது. வெளியிலிருந்து தழும்பு உள்ளே வரவிடாது, வைத்த எலும்பு வீணே கரைந்துபோகவும் விடாது. இந்தச் சவ்வு முறை வருவதற்கு முந்தைய காலத்தில் பெரிய இடைவெளியில் வைத்த பஞ்செலும்பு பல நேரம் அப்படியே கரைந்து போய்விடும்.

எலும்பை இழுத்து வளர்ப்பது, உயிரோடு பெயர்த்து நடுவது

இடைவெளி முழுக்க எலும்பை நிரப்பாமலேயே மூடும் வழியும் உண்டு. 'ரிங் போட்டிருக்கு' என்று சொல்வது அதைத்தான்: காலுக்கு வெளியே வளையச் சட்டம் மாட்டி, அதைத் திருகித் திருகி எலும்பை நகர்த்துவது. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் கவ்ரீல் இலிசாரோவ் 1950களில் தொடங்கியது. எலும்பின் நல்ல பகுதியில் வேறொரு இடத்தில் வெட்டி, ஒரு வாரம் பொறுத்து, அந்தத் துண்டை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இடைவெளியை நோக்கி நகர்த்த வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, கால் மில்லிமீட்டராக நாளுக்கு நான்கு முறை. பின்னால் விடும் இடத்தில் புது எலும்பு நூல் நூலாக உருவாகிக்கொண்டே வரும். திருகுவது வீட்டில், நோயாளியின் கையால்தான். வேகமாகத் திருகினால் எலும்பு வராது, மெதுவாகத் திருகினால் பாதியில் இறுகிக்கொள்ளும். 6 சென்டிமீட்டர் நகர்த்த 60 நாள், கெட்டியாக அதைவிடக் கூடுதல். தொடையில் முழு வளையம் போட்டால் உட்காரவும் கழிப்பறை போகவும் பெரும்பாடு, ஆகவே தொடையின் வெளிப்பக்கம் ஒரு பக்கச் சட்டம் போடுவதே இங்கே வழக்கம். கடைசியில் துண்டு போய் முட்டும் இடத்தில் பெரும்பாலும் கொஞ்சம் இடுப்பெலும்பு வைத்துத்தான் பிடிக்க வைக்க வேண்டியிருக்கும். சட்டம் இருக்கும்வரை கடலிலும் குளத்திலும் இறங்கக் கூடாது. குளச்சல், முட்டம் பக்கத்து ஆட்களுக்கு இது தொழிலையே விடச் சொல்வது என்பதால், முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பேசிவிட வேண்டும்.

இன்னொன்று முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் மெல்லிய எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, தொடையில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் குழாய்களை இணைப்பது. தொடக்கத்தில் சொன்ன ஒட்டு மாவுக்கு உண்மையிலேயே பக்கத்தில் வருவது இது ஒன்றுதான். வைத்த எலும்பு உயிரோடு இருக்கும், பாரம் ஏற ஏறத் தடிக்கும். அந்த எலும்பு கணுக்காலுக்கு மேலே 6 சென்டிமீட்டராவது விட்டுவைக்கப்பட வேண்டும், இல்லையேல் கணுக்கால் ஆடும். விரல் தடிமன் எலும்பு தொடையின் பாரத்தைத் தாங்கும் அளவு தடிக்க ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும், இடையில் முறிவதும் உண்டு. நுண் அறுவை தெரிந்த குழு இருக்கும் பெரிய மையங்களில் மட்டும் செய்யக்கூடியது.

கம்பி ஏன் ஒடிகிறது

'மட்டமான கம்பி போட்டுட்டாங்க' என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. பெரும்பாலும் கம்பியின் மேல் பழி போட முடியாது. ஒரு இரும்புக் கம்பியை ஒரே மூச்சில் ஒடிக்க முடியாது, ஆனால் அங்கும் இங்கும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். காலில் இருக்கும் கம்பியும் ஒவ்வொரு அடிக்கும் கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. நாளுக்குச் சில ஆயிரம் அடி. எலும்பு உரிய காலத்தில் கெட்டியாகிப் பாரத்தை வாங்கிக்கொண்டால் கம்பி பிழைக்கும். எலும்பு வரவில்லை என்றால் எந்த ஊர்க் கம்பியும் ஒரு நாள் ஒடியும். ஆகவே 'கம்பி ஏன் ஒடிந்தது' என்பதைவிட 'எலும்பு ஏன் வரவில்லை' என்று கேட்க வேண்டும்.

அதற்குப் பதில்கள் சில உண்டு. உள்ளே மிஞ்சிய கிருமி முதலாவது. சீழ் வெளியே வராமலேயே இருக்கலாம், ரத்தத்தில் சிஆர்பி என்ற, அழற்சியைக் காட்டும் அளவு குறையாமல் நிற்பதே அடையாளமாக இருக்கும். அடுத்தது ஆட்டம், அதாவது சின்னக் கம்பி, போதாத திருகாணிகள். இடைவெளியின் நடுவில் எலும்பு வந்து, ஒரு முனையில் மட்டும் பிடிக்காமல் நிற்பதும் சகஜம். அங்கே மட்டும் மறுபடி கொஞ்சம் வைத்தால் சரியாகிவிடும், முழு அறுவையும் தோல்வி என்று அழ வேண்டாம்.

பிறகு பீடி. நிக்கோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, டெம்போ வரும் வழியையே மூடுகிறது. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான், 'நான் புகைக்கிறதில்லையே' என்று சொல்லும் பாட்டிமார் கவனிக்க. அறுவைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தி, எலும்பு பிடிக்கும்வரை தொடக் கூடாது. சர்க்கரை உள்ளவருக்கு மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8 சதவீதத்துக்குக் கீழ் வந்த பிறகு இரண்டாம் கட்டத்துக்குப் போவது நல்லது. மருந்துக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் எலும்பு பிடிப்பதைத் தாமதமாக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில வாரம் கால் விரல் நுனி மட்டும் தரையில் படலாம். பிறகு '10 கிலோ, 15 கிலோ பாரம் போடுங்கள்' என்பார்கள். 15 கிலோ என்பது காலுக்குத் தானாகத் தெரியாது. எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் அந்தக் காலை வைத்து, முள் 15ஐக் காட்டும்வரை அழுத்திப் பழகினால் பிடிபட்டுவிடும். எக்ஸ்ரேயில் முதலில் மங்கலான மேகம்போலத் தெரியும். முன்னும் பின்னும் இரு பக்கமுமாக நான்கு சுவர்களில் குறைந்தது மூன்று தொடர்ச்சியாகத் தெரிந்த பிறகே எலும்பு சேர்ந்தது என்று சொல்வார்கள். அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒன்பது மாதமும் ஆகலாம்.

முட்டியை மறந்துவிடாதீர்கள். தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டால் முட்டி மடங்காது. எலும்பு சேர்ந்து, தரையில் உட்கார முடியாமல் போனவர்கள் நிறைய. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து தினமும் மடக்கிப் பழக வேண்டும், வலித்தாலும்.

சாப்பாட்டில் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எலும்பு கட்டப் புரதம் வேண்டும். மரச்சீனியும் மீனும் என்ற நம் சாப்பாட்டில் மரச்சீனி வெறும் மாவுச்சத்து, வேலை செய்வது மீன்தான். ஆகவே கிழங்கைக் குறைத்துச் சாளையைக் கூட்டுங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தோலியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வர்ம ஆசான்மாரின் கட்டு வைத்தியம் இந்த மாவட்டத்தின் பழைய கலை. நேராக நிற்கும், தோல் கிழியாத சின்ன முறிவை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி ஆற்றியவர்கள் உண்டு. ஆனால் எலும்பே இல்லாத இடத்தில் கட்டுவதற்கு எதுவும் இல்லை. எலும்பு வைத்த காலை எண்ணெய் போட்டு அழுத்தித் தடவவும் கூடாது. புதிய கட்டு குலையும், தசைக்குள் வேண்டாத இடத்தில் எலும்பு முளைக்கவும் வழியாகும்.

பணக் கணக்கில் ஒன்று. விபத்துக்கு முதல் 48 மணி நேரம் உதவும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எலும்பு வைப்பது அதற்கு வெகுநாள் கழித்து நடப்பது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இரண்டு கட்டத்துக்கும் ஒப்புதல் தனித்தனியாக வாங்க வேண்டுமா என்பதை முதல் அறுவைக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக எல்லாரும் கேட்பது கம்பியை எப்போது எடுப்பது என்று. தொந்தரவு இல்லையென்றால் எடுக்க வேண்டியதே இல்லை. பெரிய இடைவெளியை நிரப்பிய காலில் அதை விட்டுவைப்பதே பலருடைய வழக்கம். எடுத்தே தீர வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து, உள்ளே வைத்த எலும்பு சொந்த எலும்பாக மாறிக் கெட்டியான பிறகுதான். எடுத்த பின்னும் திருகாணி இருந்த ஓட்டைகள் அடைய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை தென்னையில் ஏற வேண்டாம்.